வலிக்காமல் வளையுமா?

வாசகர் கேள்வி – பதில்

மெல்ல அசைந்து உடம்பைத் தெரிந்துகொள்ளும் ஃபெல்டன்கிரைஸ் முறை பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இந்த மாதம் பதில்.

யோகா தெரியும், பிசியோதெரபி தெரியும். ஃபெல்டன்கிரைஸ் என்றால் என்ன? பாயில் படுத்து லேசாக அசைந்தாலே உடம்பு வளைய ஆரம்பிக்கும் என்கிறார்களே, எப்படி?
– வாசகர், ஈரோடு

அது ஒருவருடைய பெயர். மோஷே ஃபெல்டன்கிரைஸ் 1904-ல், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஸ்லாவுட்டாவில் பிறந்தவர். பதின்வயதில் பாலஸ்தீனம் போனார். பிறகு பாரிஸில் பொறியியலும் இயற்பியலும் படித்து, அணு விஞ்ஞானி ஃபிரெடெரிக் ழோலியோ-க்யூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கிய முதல் ஐரோப்பியர்களில் அவரும் ஒருவர். கால்பந்தில் அடிபட்டிருந்த அவருடைய முழங்கால், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை ஆராய்ச்சியில் இருந்த காலத்தில் மறுபடியும் மோசமானது. அறுவை சிகிச்சை செய்தாலும் சரியாக வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்று கேட்டதும் வேண்டாமென்று விட்டுவிட்டார். எந்த அசைவில் கால் இடறுகிறது, எந்த அசைவில் இடறவில்லை என்று தன் உடம்பையே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த முறை. இஸ்ரேலின் முதல் பிரதமர் டேவிட் பென்-குரியன், 70 வயதுக்கு மேல் முதுகு வலியோடு இவரிடம் வந்து, பிறகு கடற்கரையில் தலைகீழாக நின்றது உலகம் பார்த்த புகைப்படம். ஃபெல்டன்கிரைஸ் 1984-ல் காலமானார்.

யோகாசனத்தில் எட்ட வேண்டிய ஒரு நிலை இருக்கிறது. பிசியோதெரபியில் பெரும்பாலும் பலப்படுத்த வேண்டிய ஒரு தசை இருக்கிறது. இங்கே ஒரே ஓர் அசைவை எடுத்துக்கொண்டு, அதைப் பத்து இருபது விதமாகச் செய்து, எந்த விதத்தில் சிரமம் குறைகிறது என்று தேடுகிறோம். மெதுவாகவும் சின்னதாகவும் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்கறிப் பை கையில் கனக்கும்போது கடைக்காரர் அதில் ஒரு கொத்து கறிவேப்பிலை போட்டால் எடை கூடியது தெரியாது. அதே கொத்தை வெறும் உள்ளங்கையில் வைத்தால் உடனே தெரியும். சுமை குறையக் குறைய நுண்ணிய வித்தியாசமும் புலப்படும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே எர்ன்ஸ்ட் வேபர் என்ற ஜெர்மானியர் அளந்து சொன்னது. தம் பிடித்து, பல்லைக் கடித்து வளையும்போது எந்தத் தசை தேவையில்லாமல் இறுகுகிறது என்பது மூளைக்குத் தெரிவதில்லை. பாதி பலத்தில் செய்தால் தெரிகிறது. தெரிந்தால்தான் விட முடியும்.

இந்த முறையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. வயதானவர்கள் தடுமாறாமல் நிற்பதிலும் கழுத்து, முதுகு வலியிலும் பலன் காட்டியிருக்கின்றன. தேய்ந்த மூட்டை இது வளர்க்காது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பத்து வருஷமாகத் தையல் மெஷின் வேலை. வலது பக்கம் கழுத்து பாதியில் நின்றுவிடுகிறது. வண்டி ஓட்டும்போது பின்னால் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது. கழுத்தைச் சுற்றும் பயிற்சி செய்கிறேன். அப்போதைக்குச் சரி, சாயங்காலம் பழையபடி ஆகிவிடுகிறது.
– வாசகர், திருப்பூர்

கழுத்தில் ஏழு எலும்புகள். தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சத்துக்குக் கீழே உள்ளவை இடம் கொடுக்க வேண்டும். முதுகும் விலாவும் இடுப்பும் அசையாமல் இருந்தால், கழுத்து தனியாக எவ்வளவு உருண்டாலும் மறுநாள் அதே இடத்தில்தான் நிற்கும். கண்ணுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பிடரியில், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் குழிகளில் இரண்டு கட்டைவிரல்களையும் வையுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் ஓட்டுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ துடிப்பது தெரியும். அங்கே நான்கு ஜோடி சின்னத் தசைகள் இருக்கின்றன. கண் போகும் பக்கத்துக்கு ஏற்ப அவை இறுகும். ஊசி முனையையே மணிக்கணக்கில் பார்த்திருப்பவருக்குக் கண்ணும் கழுத்தும் ஒரே கட்டாக இறுகிப்போகும்.

கைப்பிடி, சக்கரம் இல்லாத ஸ்டூலின் முன்பாதியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பதியட்டும். உள்ளங்கைகளை மேலே பார்க்க வைத்துப் புட்டத்துக்கு அடியில் நுழைத்தால் இரண்டு எலும்பு முனைகள் குத்தும். எந்தக் கையில் அதிகம் குத்துகிறது? ஒரு காலைப் பெடலில் நீட்டியே வேலை செய்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். தெரிந்துகொண்டால் போதும், கையை எடுத்துவிடுங்கள்.

தலையை வலது பக்கம் திருப்புங்கள். தானாக நிற்கும் இடத்தில் மூக்குக்கு நேரே என்ன இருக்கிறது? காலண்டர் ஆணியா, ஜன்னல் கம்பியா? அதுதான் கடைசியில் ஒப்பிடுவதற்கான அளவு. இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப் பார்க்க வேண்டாம்.

இனி, முழு அளவில் பாதி மட்டும் வலது பக்கம் திரும்பி அங்கேயே இருங்கள். தலை நிற்க, கண்ணை மட்டும் இடமும் வலமும் ஆறு முறை மெல்ல ஓட்டுங்கள். நடுவுக்கு வந்து கண்ணை மூடி அரை நிமிஷம் ஓய்வு. அடுத்து, தலை வலது பக்கம் போகும்போது கண் இடது பக்கம் போகட்டும். தலை திரும்பி வரும்போது கண்ணும் வரட்டும். எட்டு முறை. முதலில் குழம்பும், கண் தலையோடு ஓடிவிடும். அளவைக் கால்வாசி ஆக்கினால் பிடிபட்டுவிடும். பிறகு கைகளை மார்பின் குறுக்கே போட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு, முகம் நேரே பார்க்க, தோள்கள் மட்டும் வலது பக்கம் ஆறு முறை திரும்பட்டும். அடுத்த ஆறு முறை தோள் வலது பக்கம், முகம் இடது பக்கம். கடைசியாக இடுப்பு: வலது பக்கம் திரும்பும்போது இடது முழங்கால் இரண்டு விரற்கடை முன்னால் நகரட்டும், வலது முழங்கால் அதே அளவு பின்வாங்கட்டும். இப்போது கண், தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே பக்கமாக மூன்று நான்கு முறை. ஓய்வு. மறுபடி சுவரைப் பாருங்கள். மூக்கு ஆணியைத் தாண்டியிருக்கும்.

எல்லாம் 12 நிமிஷத்தில் முடிந்துவிடும். இடது பக்கத்தை அசையாமல் மனசுக்குள் மட்டும் ஒரு நிமிஷம் செய்துவிட்டு, பிறகு இடது பக்கம் திரும்பிப் பாருங்கள். அசைவை நினைப்பதற்கும் செய்வதற்கும் மூளை பெரும்பாலும் ஒரே பகுதிகளைப் பயன்படுத்துவதால் அந்தப் பக்கமும் கொஞ்சம் இளகியிருக்கும்.

இதில் பலரும் செய்யும் பிழை, திரும்பும்போது முகவாயை முன்னால் நீட்டுவது. அப்போது மேல் கழுத்து பூட்டிக்கொள்கிறது. முகவாய் தரைக்கு ஒரே உயரத்தில் போக வேண்டும். திரும்பும் நொடியில் மூச்சு நின்றால் அளவு பெரிதாகிவிட்டது என்று பொருள். வேலை நேரத்தில் பாபின் மாற்றும்போதெல்லாம் கண் மட்டும் எதிர்ப்பக்கம் போகும் அந்தப் பகுதியை மூன்று தடவை செய்தால் போதும். சாயங்காலம் அவ்வளவு கெட்டிப்படாது.

எட்டு மாதமாக யோகா வகுப்பு. முன்னால் குனிந்தால் கால் விரலைத் தொட முடியவில்லை. முழங்காலுக்குப் பின்னால் கிழிகிற மாதிரி இழுக்கிறது. இன்னும் நன்றாக இழுத்துப் பழகு என்கிறார்கள்.
– வாசகி, மதுரை

இழுக்காதீர்கள். முதலில் ஒன்றைச் சோதியுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, லேசாக இழுக்கும் வரை மட்டும் குனியுங்கள். அங்கேயே இருந்து தலையைக் குனிந்து, பிறகு நிமிர்த்திப் பாருங்கள். குனிந்தால் காலில் இழுப்பு கூடி, நிமிர்ந்தால் குறைகிறதா? தொடைத் தசை தலையோடு ஒட்டியிருக்கவில்லை. அப்படியென்றால் அங்கே இழுபடுவதில் நரம்புக்கும் பங்கு இருக்கிறது. நரம்பை நீட்டி இழுத்தால் அது இன்னும் கோபித்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது முன்னும் பின்னும் வழுக்க இடம்.

தசைக்கும் இது பொருந்தும். வேகமாகவோ பலமாகவோ இழுத்தால், தசைக்குள் இருக்கும் உணர்விகள் ஆபத்து என்று தண்டுவடத்துக்குச் சொல்ல, அது தசையைச் சுருக்கச் சொல்கிறது. நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, உங்கள் நரம்பு மண்டலமே மறுபக்கம் இழுக்கிறது. பல வாரம் இழுத்துப் பழகியவர்களுக்குக் கிடைக்கும் வளைவிலும் பெரும்பங்கு, தசை நீளமானதால் வருவதில்லை. அந்த இழுப்பைப் பொறுக்கும் அளவு கூடுவதால் வருகிறது.

மல்லாக்கப் படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றுங்கள். வலது தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, இரண்டு கைகளாலும் முழங்காலுக்குப் பின்னால் தொடையைப் பிடியுங்கள். குதிகாலைக் கூரைப் பக்கம் மெல்ல அனுப்புங்கள். முதல் தடை வருவதற்கு ஒரு விரற்கடை முன்பே திரும்பிவிடுங்கள். பாதம் துவண்டே இருக்கட்டும். 8 முதல் 10 முறை. ஓய்வுக்குப் பின் அதையே செய்யும்போது, குதிகால் மேலே போகையில் வால் எலும்பு தரையை லேசாக அழுத்தட்டும், குறுக்கு கொஞ்சம் வளையட்டும். இன்னொரு சுற்றில் குறுக்கு தரையோடு படியட்டும். எதில் கால் லேசாகப் போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் இடத்தில்தான் பயிற்சியே நடக்கிறது. அடுத்த சுற்றில் குதிகால் மேலே போகும்போது முகவாயும் மேலே போகட்டும், திரும்பும்போது கீழே வரட்டும். நரம்புக்கு வழுக்க இடம் கொடுப்பது இதுதான். இடது பக்கமும் செய்து முடித்து, எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடியே குனிந்து பாருங்கள். முழங்காலை மடக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

காலையில் எழுந்தால் குறுக்கு கட்டை மாதிரி இருக்கிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் நிமிர முடிகிறது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே செய்யும்படி ஒரு பயிற்சியை முழுசாகச் சொல்லுங்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

இந்த முறையில் பரவலாகத் தெரிந்ததும் மிக நம்பகமானதுமான பாடம், இடுப்புக் கடிகாரம். 30 முதல் 35 நிமிஷம் ஒதுக்க வேண்டும்.

மெத்தை வேண்டாம். தரை சொல்லும் செய்தியை மெத்தை விழுங்கிவிடும். பாய் விரித்து அதன்மேல் ஜமுக்காளமோ மடித்த போர்வையோ போதும். தலை பின்னால் சாய்ந்து முகவாய் கூரையைப் பார்த்தால், ஒரு துண்டை நாலாக மடித்துத் தலைக்கு அடியில் வையுங்கள். இடுப்பில் பாவாடை முடிச்சோ பெல்ட்டோ அழுத்தக் கூடாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

கால் கைகளை நீட்டி மூன்று நிமிஷம் சும்மா படுங்கள். ஈரக் காலோடு நடந்தால் தரையில் தடம் பதிவது போல உங்கள் முதுகு பாயில் பதிந்தால் அந்தத் தடம் எப்படி இருக்கும்? இரண்டு குதிகாலும் ஒரே இடத்திலா ஊன்றியிருக்கின்றன? புட்டத்தில் எந்தப் பக்கம் கனம்? குறுக்குக்கு அடியில் விரலை நுழைத்துப் பாருங்கள், எத்தனை விரல் போகிறது? தோள்பட்டையில் எது தரையை விட்டு எழும்பியிருக்கிறது? எதையும் திருத்த வேண்டாம். கணக்கெடுத்தால் போதும்.

முழங்கால்களை மடித்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து ஊன்றுங்கள். குதிகாலுக்கும் புட்டத்துக்கும் நடுவே ஒன்றரை சாண் இடைவெளி. இடுப்பின் பின்பக்கம் ஒரு கடிகார முகம் வரைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வால் எலும்பு 6 மணி. இடுப்பெலும்பின் மேல் விளிம்பு, குறுக்கு தொடங்கும் இடம், 12. வலது புட்டப் பக்கம் 3, இடது பக்கம் 9.

கனத்தை 6-க்கு உருட்டுங்கள். குறுக்கு லேசாக வளைந்து எழும்பும். 12-க்கு உருட்டுங்கள். குறுக்கு தரையில் படியும். ஆட்டுக்கல்லில் குழவி உருளுகிற மாதிரி, இடம் பெயராமல் உருள வேண்டும். புட்டம் தரையை விட்டு எழும்பக் கூடாது. 15 முறை. போகப் போக மெதுவாக, போகப் போகச் சின்னதாக. அப்போது கழுத்தைக் கவனியுங்கள். கழுத்து இளகியிருந்தால் இடுப்பு உருளும்போது முகவாயும் தானாக மேலும் கீழும் ஆடும். ஆடவில்லையென்றால் தாடை இறுகியிருக்கிறது. பல்லுக்குப் பல் படாமல் வாயைத் தளர விடுங்கள். காலை நீட்டி ஒரு நிமிஷம் ஓய்வு.

மறுபடி மடித்து, 3-க்கும் 9-க்கும் உருட்டுங்கள். முழங்கால்கள் இரண்டும் சாய்ந்துவிட்டால் கால்தான் வேலை செய்கிறது. முழங்கால் ஏறக்குறைய அப்படியே நிற்க, இடுப்பு மட்டும் உருளட்டும். 10 முறை. ஓய்வு.

அடுத்ததுதான் பாடத்தின் உயிர்நாடி. 12-ல் நில்லுங்கள். அங்கிருந்து 1-க்குப் போய் 12-க்குத் திரும்புங்கள், நாலைந்து முறை. பிறகு 12, 1, 2, மறுபடி 1, 12. பிறகு 3 வரை. இப்படி ஒரு காலடி ஒரு காலடியாக வட்டத்தின் நான்கு கால் பகுதிகளையும் பாருங்கள்: 12 முதல் 3, 3 முதல் 6, 6 முதல் 9, 9 முதல் 12. ஒவ்வொரு கால் பகுதிக்கும் பிறகு காலை நீட்டி ஓய்வு. எங்காவது ஓர் இடத்தில் இடுப்பு எண்ணைத் தவறவிட்டுத் தாவும். சிலருக்கு 4-லிருந்து நேரே 6-க்கு விழும், சிலருக்கு 10-ஐக் காணவே காணோம். குறுக்கைப் பிடித்து வைத்திருக்கும் தசை அந்த மூலையில் விடாமல் நிற்கிறது என்று பொருள். விழுந்த எண்ணையே திரும்பத் திரும்பத் தேய்த்தால் இன்னும் இறுகும். அதற்கு முந்திய எண்ணுக்கும் அதற்கும் நடுவே ஒரு நூலளவு மட்டும் போய் வாருங்கள். மறுபக்கத்திலிருந்தும் அப்படியே அணுகுங்கள். இரண்டு மூன்று நாளில் மூலை உருண்டையாகும்.

முடிவில் முழு வட்டம், கடிகாரச் சுற்றில் 8 முறை, எதிர்ச் சுற்றில் 8 முறை. முதலில் பெரிய தோசை அளவு, பிறகு அதிரசம் அளவு, கடைசியில் எட்டணாக் காசு அளவு. காசு அளவில் சுற்றும்போதுதான் குறுக்கு நிஜமாகவே விடும்.

காலை நீட்டிப் படுத்து, குறுக்குக்கு அடியில் மறுபடி விரலை நுழைத்துப் பாருங்கள். மூன்று விரல் போன இடத்தில் ஒரு விரல்தான் போகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருக்கும். எழும்போது நேராக எழாதீர்கள். பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழுந்து, இரண்டு நிமிஷம் வீட்டுக்குள் நடங்கள்.

பிழைகள் மூன்று. புட்டத்தை இறுக்கி உருட்டுவது முதல் பிழை, அப்போது குறுக்குக்கு எட்டவே எட்டாது. இரண்டாவது, மூச்சை எண்ணோடு கட்டுவது, 12-க்கு வெளியே, 6-க்கு உள்ளே என்று. மூச்சு தன் பாட்டுக்குப் போகட்டும். மூன்றாவது, ஓய்வைத் தாண்டிப் போவது. அசைந்ததை மூளை ஒப்பிட்டுப் பார்ப்பது ஓய்வில்தான், அதனால் ஓய்வு பாடத்தில் பாதி. வாரத்துக்கு மூன்று நாள் முழுசாகவும், மற்ற நாளில் காலையில் எழுவதற்கு முன் படுக்கையிலேயே 12-க்கும் 6-க்கும் 10 முறையும் போதும்.

அத்தைக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. நாற்காலியிலிருந்து எழுவதற்கே கைப்பிடியைப் பிடித்துத் தவிக்கிறார். அவருக்கு ஏதாவது சொல்ல முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

தரைக்கே போக வேண்டாம். சுவரை ஒட்டிப் போட்ட, நகராத மர நாற்காலி போதும். அத்தையின் முழங்கால் உயரத்துக்குக் குறைவாக இருந்தால் மடித்த போர்வை போட்டு உயர்த்துங்கள்.

அவர் எழ முயலும்போது பக்கத்தில் நின்று பாதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் முழங்காலுக்கு முன்னால் நீட்டியிருக்கும். அந்த நிலையில் கை உதவியில்லாமல் எழுவது யாருக்கும் கஷ்டம், 20 வயதுக்காரருக்கும் கஷ்டம். உடம்பின் கனம் பாதத்துக்கு மேல் வந்தால்தான் கால் தூக்கும். நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரட்டும்.

முதல் வாரம் எழவே வேண்டாம். இரண்டு கையும் தொடைமேல். வயிற்றைத் தளரவிட்டு இடுப்பை முன்னால் உருட்டினால் முதுகு நீளும். பின்னால் உருட்டினால் கொஞ்சம் தளரும். 8 முறை. பிறகு, முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, கைகள் தொடையிலிருந்து முழங்கால் வரை வழுக்கட்டும். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே வந்ததும் திரும்பி வரட்டும். அப்போது பாதத்தில் கனம் கூடுவதை அத்தையே சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாம் வாரம், அந்தக் கனம் வந்ததும் புட்டம் நாற்காலியை விட்டு ஒரு விரற்கடை எழும்பி, மறுபடி சத்தமில்லாமல் அமரட்டும். 'தொப்'பென்று விழுந்தால் முன்னால் சாய்ந்தது போதவில்லை. முழுசாக எழுவது அதன் பிறகு தானாக வரும்.

எலும்பு மெலிவு என்று டாக்டர் சொல்லியிருந்தால், முதுகைக் கூனி முன்னால் வளைக்கும் எந்த அசைவும் கூடாது. பின்னால் உருட்டும் அந்தப் பகுதியையும் விட்டுவிடுங்கள்.

பரதநாட்டிய மாணவி. உடம்பு நன்றாகவே வளையும். ஆனால் அரைமண்டியில் ஐந்து நிமிஷம் நின்றால் முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. எனக்கும் இந்தப் பயிற்சி தேவையா?
– வாசகி, சென்னை

உங்களுக்குத்தான் அதிகம் தேவை. நன்றாக வளையும் உடம்பில் தடை எங்கே என்று தெரியாது. எது சுலபமாக வளைகிறதோ அதுவே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு தேயும். அரைமண்டியில் கால் வெளிப்பக்கம் திரும்புவது தொடை இடுப்போடு சேரும் பந்து மூட்டில் நடக்க வேண்டும். அங்கே திரும்பாததைப் பாதத்தைத் திருப்பிச் சரிக்கட்டினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் வந்து விழும்.

கண்ணாடி முன் அரைமண்டியில் நின்று முழங்கால் சில்லைப் பாருங்கள். அது பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே இல்லாமல் உள்ளே விழுந்திருந்தால் வலியின் காரணம் அதுதான். பாதத்தைக் குறைவாகத் திருப்பி, முழங்காலோடு ஒரே திசைக்குக் கொண்டுவாருங்கள். அகலம் குறைந்தது போலத் தோன்றும். குருவிடம் காரணத்தைச் சொல்லுங்கள். வீட்டில், மல்லாக்கப் படுத்து முழங்காலை மடித்து, வலது முழங்காலை மட்டும் வெளிப்பக்கம் ஒரு சாண் சாய்த்து மீட்டுங்கள். இடது பக்க இடுப்பு தரையிலிருந்து எழும்பும் நொடியைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்புவரை திரும்பியது மூட்டு. அதற்குப் பின் திரும்புவது இடுப்பு. எழும்புவதற்கு முன்பே திரும்பிவிடுவது என்ற எல்லைக்குள் 15 முறை, பிறகு இடது கால்.

படுத்து அசைய ஆரம்பித்தால் பாதியில் தூங்கிவிடுகிறேன். தவறா?
– வாசகர், புதுச்சேரி

தூக்கம் பாக்கி இருந்தால் உடம்பு வசூலிக்கத்தான் செய்யும். காலையில் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு பகுதியை உட்கார்ந்து செய்யுங்கள். வாய்விட்டு எண் சொல்லிக்கொண்டே கடிகாரம் சுற்றுவதும் உதவும்.

எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்?
– வாசகி, சேலம்

முதல் பாடத்திலேயே தெரியும், அன்று சாயங்காலம் மறையும். தங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் புதுப் பாடமாகத் தேடி ஓடாமல், ஒரே பாடத்தை மூன்று வாரம் செய்கிறவர்களுக்குச் சீக்கிரம் தங்குகிறது.

யாரெல்லாம் செய்யக் கூடாது?
– வாசகர், திருநெல்வேலி

எலும்பு முறிவு, முதுகு அறுவை சிகிச்சை ஆனவர்கள் டாக்டரைக் கேட்டபிறகு. தலைசுற்றல் உள்ளவர்கள் கழுத்துப் பாடத்தில் கண் பகுதியை மட்டும், அதுவும் உட்கார்ந்தபடி. நான்காம் மாதத்துக்கு மேல் கர்ப்பிணிகள் நீண்ட நேரம் மல்லாக்கப் படுக்க வேண்டாம், இடுப்பு உருட்டலை நாற்காலியில் செய்யலாம். செய்யும்போது கூர்மையான வலி வந்தால் அளவைப் பாதியாக்குங்கள். அப்போதும் வந்தால் அந்த அசைவை நினைத்து மட்டும் பாருங்கள்.

குறுக்கு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலும், தொடை இடுக்கு மரத்துப்போனாலும், கால் பலமிழந்து பாதம் தொங்கினாலும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலிக்கும், இரவில் படுத்தால் கூடும் வலிக்கும் இதே பதில்தான்.